வாசல் விளக்கை அணைத்துவிட்டீர்களா?

மண் பரிசோதனை முடிவைக் காட்டவும், வாடல் நோய்க்கு யோசனை கேட்கவும் அலுவலகத்துக்கு வருகிற விவசாயிகள், எழுந்து போகும்போது இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங் மேடம், போர்ல இருந்து ஒயரை ரெண்டாவது தடவையா அறுத்துட்டுப் போயிட்டானுங்க. இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குதுங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒயர் போன அன்று அவருடைய தக்காளி பூவெடுத்து நின்றது. புது ஒயர் வாங்கி, ஆள் பிடித்து மாட்டுவதற்குள் நான்கு நாள் தண்ணீர் இல்லை. பூ கொட்டிப்போனது. திருடனுக்குக் கிடைத்தது சில கிலோ செம்பு. இவருக்குப் போனது ஒரு போகம்.

இருபத்தெட்டு வருடமாகக் கிராமம் கிராமமாக வண்டியில் சுற்றுகிறவள் நான். பூச்சிக்கும் நோய்க்கும் எவ்வளவோ எழுதியாயிற்று. இந்த முறை, பயிரை அல்ல, பயிர் வைத்திருக்கிற ஆளைக் காப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கொங்குப் பகுதியில் கிணறு எங்கேயோ அங்கேதான் வீடு. தோட்டத்துச் சாளை என்போம். ஒரு சாளையில் நின்று கூப்பிட்டால் அடுத்த சாளைக்குக் கேட்காது. ஒரு காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். பண்ணையத்துக்கு ஆள் இருந்தது, பட்டியில் நாய் இருந்தது, ஏர் பூட்ட விடிவதற்குள் நாலு பேர் வந்துவிடுவார்கள். இன்று அதே சாளையில் எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும், ஒரு எருமை, ஒரு நாய். மகன் கோவையில், மகள் பெங்களூரில்.

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. இந்த இரண்டு செய்திகளுக்கும் பிறகு எங்கள் பக்கம் பல வீடுகளில் தூக்கம் போனது. கேமரா வைத்தவர்கள் உண்டு. ஊருக்குள் வாடகைக்குக் குடி போனவர்களும் உண்டு. ஆனால் மாட்டையும் மரத்தையும் விட்டுவிட்டு எல்லோராலும் போக முடியாது. இருக்கிற இடத்திலேயே எப்படிப் பத்திரமாக இருப்பது என்பதுதான் நம் கேள்வி.

இத்தனை வருடம் பார்த்ததில் நான் புரிந்துகொண்டது இது. தனியாக இருப்பது மட்டும் ஆபத்து ஆகிவிடாது. நாம் தனியாக இருக்கிறோம் என்பது வேண்டாதவனுக்குத் தெரிவதும், நமக்கு ஒன்று என்றால் வேண்டியவர் யாருக்கும் தெரியாமல் போவதும் சேரும்போதுதான் ஆபத்து. முதலாவதைக் குறைக்க வேண்டும். இரண்டாவதை இல்லாமலே செய்ய வேண்டும். கீழே சொல்வது எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

ஒருவருக்குத் தெரிய வேண்டும்

என் அம்மா தோட்டத்தில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. "உன்ற ஊட்டுக்கு வந்து நாலு செவுத்துக்குள்ள என்ன பண்ணச் சொல்ற கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் ஓர் ஏற்பாடு செய்தோம்.

ராத்திரி படுக்கும் முன் அம்மா வாசல் விளக்கைப் போடுவார். காலையில் பால் கறக்க எழுந்ததும் அணைப்பார். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தால் அந்த விளக்கு தெரியும். காலை ஆறரைக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவர் போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் தனியாக வராமல் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் வருவார். இரவு எட்டு மணிக்கு நான் பேசுவேன். இவ்வளவுதான். காசு செலவு கிடையாது.

ஒரு தடவை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். விளக்கு அணையவில்லை. சித்தப்பாவும் சித்தியும் ஆறே முக்காலுக்கு வந்து நின்றார்கள். அன்றைக்குத் திருடன் யாரும் வரவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு இல்லை என்றால் மதியம் பால்காரர் கணக்கு எழுத வரும்வரை அம்மா ஈரத்தரையிலேயே கிடந்திருப்பார். திருட்டுக்கு என்று செய்கிற காவல், விழுந்தால், பாம்பு கடித்தால், நெஞ்சு வலித்தால் எல்லாவற்றுக்கும் உதவும்.

உங்கள் தோட்டத்துக்கு விளக்கு சரிப்படாது என்றால் வேறு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களில் ஒருவர் வராவிட்டால், பால் அளப்பவர் ஒரு போன் செய்யட்டும். நான்கு சாளைக்காரர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்துக் காலையில் ஒரு வணக்கம் போடலாம். போடாதவரை மற்றவர் விசாரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தால்தான் அதற்குப் பலன்.

வயலுக்குத் தனியாகப் போகும் எனக்கும் இதே விதிதான். எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. ராத்திரி மடை திருப்பப் போகிற ஆண்களும் இதைச் செய்யலாம். ஆம்பளைக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். கிணற்று மேட்டில் கால் தவறினால் ஆண், பெண் என்று பார்க்காது.

ராத்திரி நாய் குரைத்தால்

நம் வழக்கம் என்ன? நாய் குரைத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து "யாரது?" என்று வெளியே வருவோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும். கதவைத் திறக்கும் வரை நீங்கள் உள்ளே, அவன் வெளியே. திறந்த பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை.

முதலில் உள்ளிருந்தே எல்லா வெளி விளக்கையும் போடுங்கள். சுவிட்ச் படுக்கை அறைக்குள் இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே சுவரில் வைத்திருப்பது அவனுக்கு உதவி. அடுத்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போன். பிறகு 112 அல்லது 100. சத்தம் போட்டுப் பேசுங்கள். உள்ளே நாலு பேர் இருப்பது போல் பேசினாலும் தப்பில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. திடீரென்று உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போவது, தொட்டிக் குழாய் தானாகத் திறந்து தண்ணீர் ஓடுவது, கதவருகே குழந்தை அழுவது போன்ற சத்தம். இவையெல்லாம் உங்களை வெளியே வரவைக்கும் தந்திரமாக இருக்கலாம். தினமும் குரைக்கிற நாய் ஒரு நாள் காரணமில்லாமல் செத்துக் கிடந்தால், பாம்பு கடித்திருக்கும் என்று புதைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அக்கம் பக்கத்திலும் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

கோடையில் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பது நமக்குச் சுகம். இப்போது அது வேண்டாம். கம்பி ஜன்னல் வைத்து உள்ளேயே காற்று வரும்படி செய்துகொள்ளுங்கள்.

கேமரா பற்றிக் கேட்கிறீர்கள். சிம் கார்டு போட்டுச் சூரிய ஒளியில் ஓடுகிற கேமராக்கள் இப்போது கிடைக்கின்றன. வைக்க முடிந்தால் நல்லது. ஒன்றை வீட்டைப் பார்த்தும், ஒன்றைத் தோட்டத்துக்குள் வரும் வண்டித் தடத்தைப் பார்த்தும் வையுங்கள். வைக்க முடியாதவர்கள் ஆள் நடமாடினால் தானே எரிகிற விளக்கை நான்கு மூலையிலும் போடலாம். விவசாய இலவச இணைப்பில் இருந்து வீட்டு விளக்குக்குக் கம்பி இழுக்காதீர்கள். அது விதிமீறல்.

ஒயரும் மோட்டாரும்

திருடன் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் போருக்கும் நடுவில் இருக்கும் கேபிளைத்தான் அறுக்கிறான். வெட்டிய நுனி குழிக்குள் விழுந்துவிட்டால் மோட்டாரையே மேலே தூக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். அறுத்த ஒயரை எங்காவது பள்ளத்தில் போட்டு எரித்து, மேல்தோலை நீக்கிச் செம்பாக்கி விற்கிறார்கள். பிளாஸ்டிக் எரிந்த கரித்தடம் ஓடைக்கரையில் தெரிந்தால் ஊரில் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

என்ன செய்யலாம்? தரைக்கு மேல் தொங்கும் கேபிள்தான் சுலபமாகப் போகிறது. பெட்டியில் இருந்து போர் வரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, ஆழமாகப் புதைத்து, போர் வாய்க்கு மூடி போட்டு வெல்டிங் செய்துவிட்டால் அறுக்க நேரம் பிடிக்கும். நேரம் பிடிக்கும் இடத்துக்குத் திருடன் வரத் தயங்குவான். தரைக்கு மேல் ஓடுகிற பகுதிக்கு அலுமினியக் கேபிள் போட்டவர்களும் உண்டு. அதை விற்றால் அவனுக்குப் பெரிதாகக் கிடைக்காது. ஆனால் உங்கள் மோட்டாரின் குதிரைத் திறனுக்கும் தூரத்துக்கும் ஏற்ற தடிமனை எலெக்ட்ரீசியனிடம் கேட்டுப் போட வேண்டும். மெல்லிசாகப் போட்டால் மோட்டார் காயில் புகைந்துவிடும்.

மோட்டாரிலும் ஸ்டார்ட்டரிலும் உங்கள் சர்வே எண்ணை வெட்டி எழுதி வையுங்கள். வாங்கிய பில்லையும், மோட்டாரில் உள்ள தொடர் எண்ணையும் செல்போனில் படம் பிடித்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள். திருட்டுப் பொருள் பிடிபட்டாலும், இது என்னுடையதுதான் என்று காட்ட அடையாளம் இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செல்போன் மூலம் மோட்டாரை இயக்குகிற கருவிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது இருட்டில் நடக்க வேண்டியது இல்லை. கரண்ட் நின்றால் தகவல் வரும். கேபிள் அறுபட்டால் அழைப்பு வருகிற வகையும் இருக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆடு, மாடு

ஆட்டுப்பட்டி தடத்தோரம் இருந்தால் வண்டியை நிறுத்தித் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது சுலபம். பட்டியைப் படுக்கை அறை ஜன்னலுக்கு நேராக மாற்றுங்கள். படலில் சின்ன மணி கட்டுங்கள். மாட்டின் காதில் கால்நடைத் துறை போட்ட 12 இலக்க வில்லை எண்ணை எழுதி வையுங்கள். ஆட்டுக்கு நம் பெரியவர்கள் போட்ட காது வெட்டுக்குறி இன்றைக்கும் நல்ல அடையாளம்தான். சந்தைக்கு முந்தின இரவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஆடு போனது தெரிந்ததும் பக்கத்துச் சந்தைகளின் நாளைக் கணக்கிட்டு, போலீஸில் சொல்லிவிட்டு, விடியும் முன் ஆள் நிற்க வேண்டும்.

திருடனுக்கு மின்வேலி வேண்டாம்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பன்றிக்கு என்றும் திருடனுக்கு என்றும் வேலிக் கம்பியில் நேரடியாகக் கரண்ட் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் சிக்கிச் செத்தவர்களில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும், சொந்த வீட்டு ஆளும், யானையும் உண்டு. கம்பிக்கு ஆள் தெரியாது. செத்தவன் திருட வந்தவன்தான் என்றாலும் வழக்கு உங்கள் மேல்தான் வரும்; மின்திருட்டு வழக்கும் சேரும். மிச்ச வாழ்க்கை கோர்ட்டு வாசலில் கழியும்.

சட்டப்படியான சோலார் வேலி வேறு. அது விட்டுவிட்டு அடிக்கும், உயிரை எடுக்காது. அதற்கும் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு தேவை. வேளாண் பொறியியல் துறையையும் வனத்துறையையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பணமும் நகையும்

மஞ்சள் விற்ற அன்று டீக்கடையில் விலையைச் சொல்வது நமக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றால் பணத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். வெளி வியாபாரியிடமும் அப்படியே கேளுங்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகை அன்றைக்கே லாக்கருக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்தில் களை எடுக்கும்போது ஐந்து பவுன் சங்கிலி எதற்கு அம்மா? தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்வது நம் வழக்கத்திலேயே இருக்கிறதே.

வண்டியில் போகும்போது முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் பின் குத்திக்கொள்வேன். ரோட்டில் நடந்தால் எதிரே வண்டி வருகிற பக்கமாக நடப்பேன். பின்னால் இருந்து வருவது தெரியாது, முன்னால் வருவது தெரியும். அட்ரஸ் கேட்டு வண்டியை நிறுத்துகிறவனிடம் இரண்டு கை நீளம் தள்ளி நின்றே பதில் சொல்லுங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள், அது நம் பண்பு. ஆனால் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வருகிறவனுக்கு வாசலிலேயே விடை கொடுங்கள்.

எங்கள் துறையின் பேரைச் சொல்லி வருகிறவர்கள்

சொட்டுநீர் மானியம் வாங்கித் தருகிறேன், சோலார் பம்புக்குப் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். சோலார் பம்புத் திட்டத்தின் பேரில் போலி இணையதளங்களே நடக்கின்றன. மத்திய அரசே எச்சரித்திருக்கிறது. நினைவில் வையுங்கள்: அரசு ஊழியர் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து ரொக்கம் வாங்க மாட்டார். விரிவாக்க மையத்தில் விதைக்குப் பணம் கட்டினாலும் ரசீது உண்டு. சந்தேகம் வந்தால் உங்கள் உதவி வேளாண்மை அலுவலருக்குப் போன் போட்டு, "இப்படி ஒருத்தர் வந்திருக்காருங்க, நம்ம ஆளுங்களா?" என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். உண்மையான ஆள் கோபப்பட மாட்டார்.

போனில் வரும் திருடன்

நாய்க்கும் பூட்டுக்கும் பயப்படாத திருடன் இவன்தான். 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. தவணை வரும் சமயம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "உங்கள் தவணை நிறுத்தப்பட்டது, இந்தச் செயலியை இறக்குங்கள்." கூடவே ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பு. அதைத் தொட்டு இறக்கினால் உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்தி எல்லாம் அவனுக்கும் போகும். வங்கியின் ஓ.டி.பி.யும் அதில் அடக்கம். நீங்கள் எண்ணைச் சொல்லவே வேண்டாம்; அவனே படித்துக்கொள்வான்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் விவசாயிகள் தனி அடையாள எண் முகாமில் நாங்களே ஓ.டி.பி. கேட்கிறோம். அப்புறம் விவசாயி யாரை நம்புவார்? வித்தியாசம் இதுதான். முகாமுக்கு நீங்களாக வருகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர். கையில் பட்டா, ஆதார் இருக்கிறது. வேலை உங்கள் கண் முன்னால் நடக்கிறது. அப்போதும் குறுஞ்செய்தியில் எதற்கான எண் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அல்லது படிக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். போனில் கேட்டால், கேட்பவர் என் பேரையே சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

ஆதாரும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் வசதியிலும் மோசடி நடந்திருக்கிறது. பத்திரங்களில் இருக்கும் ரேகையை நகல் எடுத்தே பணத்தை உருவியிருக்கிறார்கள். எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் திறக்க வேண்டும். அது சிரமம் என்கிற பெரியவர்கள், ஆதார் இணைத்த கணக்கில் தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வைப்புத்தொகையில் போட்டுவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், மாடு விற்று வைத்திருந்த பணம் முழுவதையும் இப்படி இழந்தார். பணம் போனது ஒரு காலை பத்து மணிக்கு. அவர் வீட்டில் சொன்னது பதினோராம் நாள். "பையன் திட்டுவானேன்னு இருந்துட்டேனுங்க" என்றார். அந்தப் பத்து நாளில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பூச்சிமருந்து டப்பா இருக்கும் அறைப்பக்கம் அவர் போய்ப் போய் நின்றதை மனைவி கவனித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. போன பணம் வரவில்லை. ஆள் கிடைத்தார்.

இதைப் படிக்கிற மகன்களுக்கும் மகள்களுக்கும் சொல்கிறேன். ஏமாந்த அப்பாவைத் திட்டாதீர்கள். படித்தவர்களும் அதிகாரிகளும் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள். திட்டு விழும் என்ற பயம் இருக்கிற வீட்டில் செய்தி தாமதமாகத்தான் வரும். தாமதம் திருடனுக்கு லாபம்.

ஏனென்றால் உடனே சொன்னால் பலன் உண்டு. 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடும் வழியிலேயே அதை நிறுத்தப் பார்ப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொல்வது முக்கியம். கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போயிருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. உங்கள் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். ஆகவே சொன்ன நேரத்தைக் குறித்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

சந்தேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு

காவல் என்ற பேரில் கண்ணில் படுகிற அசலூர்க்காரரை எல்லாம் பிடித்துக் கட்டுவது கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அவரும் நம்மைப் போல் ஒரு குடும்பத்தின் பாட்டிதான். சந்தேகம் என்றால் வண்டி எண்ணைக் குறியுங்கள், தூரத்தில் இருந்து படம் எடுங்கள், 100க்குச் சொல்லுங்கள். கை வைக்காதீர்கள்.

வேலைக்கு வருகிற வடமாநிலத் தொழிலாளர்களின் ஆதார் நகல், போட்டோ, வீட்டு எண் வாங்கி வையுங்கள். தேங்காய் பறிக்க வரும் உள்ளூர் ஆளிடமும் வாங்குங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது அவமானம்; எல்லோரிடமும் கேட்டால் அது நடைமுறை. பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுத்துவிடுங்கள். மனக்கசப்போடு ஒருவரை அனுப்புவதும் பாதுகாப்புக்கு நல்லதல்ல.

ஒயருக்கு எவன் ஸ்டேஷன் போவான்?

இதைத்தான் அதிகம் கேட்கிறேன். அலைய வேண்டும், வேலை கெடும், கிடைக்கவா போகிறது என்ற சலிப்பு. நியாயமான சலிப்புதான். ஆனால் கணக்கை வேறு மாதிரிப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஊரில் பத்து ஒயர் போய், ஒருவரும் புகார் கொடுக்காவிட்டால், காவல் நிலையப் பதிவின்படி அந்தப் பகுதியில் திருட்டே இல்லை. ரோந்து வண்டி ஏன் அங்கே வரப் போகிறது? பத்துப் புகார் இருந்தால், எந்தக் கிழமை, எந்தத் தடம் என்று ஒரு ஒழுங்கு தெரியும். வயலில் ஒரு இலையைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. பத்து இடத்தில் பார்த்தால்தான் தெரியும்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒயர் போன நாலு பேர் சேர்ந்து போங்கள்.

ஒயருக்கு மருந்து கேட்ட பெரியவர் அதைத்தான் செய்தார். அவரோடு சேர்த்து ஏழு பேர் கையெழுத்துப் போட்ட புகார் போனது. ஒயர் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது வாரத்தில் சில நாள் ரோந்து வண்டி அந்தத் தடத்தில் போகிறது. அந்த ஏழு பேரிடமும் மற்ற ஆறு பேரின் போன் எண் இருக்கிறது. அதற்கு முன்பு இல்லை.

வெட்டி எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்ட

அவசரம்: 112. போலீஸ்: 100. ஆம்புலன்ஸ்: 108.
ஆன்லைன் பண மோசடி: 1930.
பெண்களுக்கு: 181. குழந்தைகளுக்கு: 1098. முதியோருக்கு: 14567.
ஆதார் சந்தேகங்களுக்கு: 1947.
செல்போன் தொலைந்தால்: போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, "சஞ்சார் சாத்தி" தளத்தில் போனை முடக்கலாம். அதற்கு உங்கள் போனின் 15 இலக்க எண் வேண்டும். *#06# அழுத்தினால் தெரியும். இன்றே எழுதி வையுங்கள்.
உள்ளூர்க் காவல் நிலையம்: ______
பக்கத்துத் தோட்டம் 1: ______
பக்கத்துத் தோட்டம் 2: ______

கடைசி மூன்று வரிகளை நான் நிரப்ப முடியாது. பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமலே தெரிகிற மாதிரி நீங்கள் எழுதுங்கள். எண் இல்லை என்றால், இன்று சாயங்காலம் வரப்பைத் தாண்டிப் போய்க் கேட்டு வாங்குங்கள். வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் முதலில் வந்து நிற்கப் போகிறவர் அவர்தான்.